இன்று வெற்றியாளர் எவருமில்லை

பொய்களுள் சில இடிபோல் வந்து விழுகின்றன. அவற்றை நாம் உடனே அடையாளம் கண்டுகொள்கிறோம். வேறு சில, இன்னிசையோடும் கைத்தட்டலோடும் நம் வீட்டுக் கூடத்திற்குள் நுழைகின்றன. அவற்றிற்கு நாமே பாய் விரித்து அமர இடம் தருகிறோம். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நேயர்களுக்கென நடத்தப்பெறும் தொலைபேசிப் போட்டிகளில், வெல்லாத ஒருவரை வென்றவராகக் காட்டும் பொய் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது. ஒரு பெயர் அறிவிக்கப்படுகிறது. ஓர் ஊர் சொல்லப்படுகிறது. தொலைபேசியின் மறுமுனையில் மகிழ்ச்சிக் குரல் ஒன்று கேட்கிறது. முகமறியாத அந்த மனிதருக்காக நாமும் ஒரு கணம் மகிழ்கிறோம். அப்படி ஒருவர் உலகில் எங்குமே இல்லை என்றால், நாம் மகிழ்ந்தது யாருக்காக?

பசியும் வேலையின்மையும் சாதிப் பகையும் நிறைந்த நாட்டில், ஒரு பொழுதுபோக்குப் போட்டியைப் பற்றி இத்தனை கவலை எதற்கு என்று சிலர் வினவலாம். சிறியவற்றில் நம்பத் தகுந்தவரே பெரியவற்றிலும் நம்பத் தகுந்தவர் என்று கற்பித்தவர் நம் ஆண்டவர். வேடிக்கைக்காகச் சொல்லப்படும் பொய்யைப் பொறுத்துக்கொள்ளப் பழகிய செவி, பிறகு வேறு எந்தப் பொய்யைக் கேட்டும் திடுக்கிடுவதில்லை. ஆகவே, சிறியதாகத் தோன்றும் இச்செய்தியைச் சற்று நின்று நோக்குவது நன்று.

தறிக்குழியிலிருந்து ஒரு கேள்வி

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டிசத்திரத்தை அடுத்து அமைந்துள்ளது நாம் வாழும் திருப்புட்குழி. சீதையைக் கவர்ந்து சென்றவனைத் தடுத்துப் போரிட்டு வீழ்ந்த சடாயுவுக்கு இராமன் இறுதிக்கடன் ஆற்றிய இடம் இது என்பது இவ்வூர் விசயராகவப் பெருமாள் கோயிலின் தலவரலாறு. 'புள்' என்றால் பறவை. அதனை அடக்கம் செய்த குழி, புட்குழி. சிறகறுபட்டுக் கிடந்த அந்தப் பறவை தன் உயிரைப் பிடித்து வைத்திருந்தது எதற்காக? கண்டதைக் கண்டவாறு சொல்வதற்காக. சாட்சி சொல்லி முடித்த பின்னரே அது கண்மூடியது. நாம் வேறு சமயத்தைச் சார்ந்தவராயினும், ஓர் உண்மைச் சாட்சியின் நினைவையே ஊர்ப்பெயராக வைத்துக்கொண்ட மக்களோடு வாழ்வதைப் பேறாகக் கருதுகிறோம்.

பட்டு நெசவு இப்பகுதியின் உயிர்த்தொழில். தறிக்குழியில் அமர்ந்தவரின் கால்கள் மிதியில் இருக்கும். கைகள் நாடாவை வீசும். கண்கள் இழையை விட்டு அகலா. அவரிடம் ஓய்வாக இருப்பது செவி ஒன்றுதான். அந்தச் செவிக்குத் துணையாகத் தலைமுறை தலைமுறையாக வானொலி இருந்து வந்தது. இலங்கை வானொலியில் நேயர்களின் பெயர்கள் வாசிக்கப்படுகையில் தறியின் ஓசையை நிறுத்திவிட்டுச் செவிசாய்த்தோர் பலர். பரிசு ஒன்றுமில்லை, தம் பெயரைக் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் உச்சரிக்கிறது என்பதே பரிசு. பெயர் சொல்லி அழைக்கப்படுவதில் மனிதனுக்கு இருக்கும் ஆவலை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

அந்த ஆவல் மிக விரைவில் வணிகர்களின் கண்ணில் பட்டது. 1990களில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'சுரபி' என்னும் நிகழ்ச்சியின் வினாக்களுக்கு, ஒரே வாரத்தில் 14 இலட்சம் மடல்கள் வந்து குவிந்ததாகச் சொல்வர். போட்டிகளுக்கென்றே அஞ்சல் துறை தனி அஞ்சலட்டையை 2 ரூபாய் விலையில் வெளியிட்டது. பின்னாளில் அதன் விலை 10 ரூபாய் ஆயிற்று. 2003இல் தமிழக அரசு பரிசுச்சீட்டு விற்பனைக்குத் தடை விதித்தபோது பல குடும்பங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன. ஆனால், அதே ஆண்டுகளில்தான் கைப்பேசி ஏழையின் சட்டைப்பைக்கும் வந்து சேர்ந்தது. கடைத்தெருவில் தொங்கிய சீட்டு மறைந்தது. சட்டைப்பைக்குள் இன்னொன்று குடியேறியது.

நம் தெருவில் நெசவாளர் ஒருவர் உண்டு. நம்மினும் மூத்தவராதலால் அண்ணன் என்றே அழைப்போம். சில ஆண்டுகளுக்கு முன், நள்ளிரவில் ஒரு தொலைக்காட்சி அலைவரிசையில் வந்த புதிர்ப் போட்டியை அவர் விடாது பார்த்து வந்தார். இரண்டு திரைப்பட நடிகர்களின் முகங்களைக் கலந்து ஒரு படம் காட்டப்படும். அவர்கள் யார் என்று சொன்னால் பல்லாயிரம் ரூபாய். பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடக்கூடிய விடை. நேரம் முடியப் போகிறது, உடனே அழையுங்கள் என்று ஒரு பெண் பரபரப்பாகக் கூவிக்கொண்டேயிருப்பார். அழைத்தால் நிமிடத்திற்குப் பத்து ரூபாய். அச்செய்தி மட்டும் எறும்பு ஊர்வதுபோல் திரையின் அடியில் சிற்றெழுத்தில் நகரும். காத்திருங்கள், காத்திருங்கள் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டிருக்க, அண்ணனின் கணக்கிலிருந்த பணம் கரைந்து போகும். ஆரணியில் வாழ்க்கைப்பட்ட மகளோடு பேசுவதற்கென்று அவர் போட்டு வைத்திருந்த பணம் அது.

இணைப்புக் கிடைத்துத் திரையில் பேசியவர்களோ, எவரும் சொல்லாத தவறான விடைகளையே சொன்னார்கள். ஒரு நாள் காலை அண்ணன் நம்மிடம் கேட்டார்: "ஏன் தம்பி, பதில் தெரியாதவங்களுக்கு மட்டும்தான் அங்கே லைன் கிடைக்குமா?"

போலிச் சரிகையை உரைத்துப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்ளும் கைகள் அவருடையவை. போலிக் குரலை எந்தக் கல்லில் உரைப்பது? அவருடைய கேள்விக்கு அந்தப் பெட்டிக்குள்ளிருந்து விடை வரவேயில்லை. ஆனால், அதே கேள்வியை வேறு நாட்டு மக்கள் கேட்டபோது விடை வந்ததுண்டு.

கடல் கடந்த நாடுகளில்

இங்கிலாந்து நாட்டின் பி.பி.சி. நிறுவனம் உலகெங்கும் நம்பிக்கைக்குப் பெயர்பெற்றது. அது 1958 முதல் குழந்தைகளுக்காக ஒளிபரப்பி வரும் நிகழ்ச்சி 'புளூ பீட்டர்'. 2006 நவம்பரில் அந்நிகழ்ச்சியில் ஒரு தொலைபேசிப் போட்டி நடந்தது. அழைப்பொன்றுக்குக் கட்டணம் 10 பென்சு. அதில் ஒரு பகுதி ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யுனிசெப்பிற்குச் சேரும். ஏறத்தாழ 14,000 பேர் அழைத்தனர். நேரலை நடந்துகொண்டிருக்கையில் கருவியில் பழுது ஏற்பட்டு, அழைத்தவர்களின் விவரம் நிகழ்ச்சியினருக்குக் கிட்டவில்லை. அப்போது அவர்கள் செய்தது என்ன? நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த ஒரு குழந்தையை அழைத்து, வெளியிலிருந்து தொலைபேசியில் பேசுபவள்போல் விடை சொல்லச் செய்தனர். அவளே வென்றாள் என்று நாடு முழுவதற்கும் அறிவித்தனர்.

2007 மார்ச்சில் உண்மை வெளிப்பட்டது. நிகழ்ச்சியிலேயே மன்னிப்புக் கேட்கப்பட்டது. அவ்வாண்டு சூலையில், ஒலி, ஒளிபரப்புகளைக் கண்காணிக்கும் 'ஆஃப்காம்' என்னும் அமைப்பு பி.பி.சி.க்கு 50,000 பவுண்டு தண்டம் விதித்தது. அந்நிறுவனம் அவ்வமைப்பிடம் தண்டம் பெற்றது அதுவே முதன்முறை. தொகையைக் காட்டிலும் நம் நெஞ்சைத் தைப்பது வேறொன்று. வேடிக்கை பார்க்க ஆவலோடு வந்த ஒரு சிறுமி, பெரியவர்களின் பொய்யைத் தன் வாயால் சொல்ல வைக்கப்பட்டாள். சிறியோரை இடறச் செய்பவரைப் பற்றி ஆண்டவர் சொன்ன கடுஞ்சொல்லும் எந்திரக் கல்லும் நம் நினைவுக்கு வராமல் இரா.

ஒரு நூலை இழுத்தால் புடைவை முழுதும் பிரிவதுபோல், அவ்வாண்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வெளிவந்தன. 'பிரெய்ன்டீசர்' என்னும் புதிர் நிகழ்ச்சியில், சரியான விடையோடு எவரும் கிட்டாத நாள்களில் கற்பனைப் பெயர்கள் வெற்றியாளர் பெயர்களாகக் காட்டப்பட்டன. ஒருமுறை நிகழ்ச்சிப் பணியாளர் ஒருவரே வெற்றியாளராகப் பேசினார். அதனை ஒளிபரப்பிய 'ஃபைவ்' அலைவரிசைக்கு 3,00,000 பவுண்டு தண்டம். 'ஜி.எம்.டி.வி.' என்னும் காலை நேர ஒளிபரப்பில், அழைப்பு நேரம் முடியும் முன்னரே தெரிவு நடந்துவிட, அதன்பின் அழைத்தவர் அனைவரும் வெல்லவே வாய்ப்பில்லாத போட்டிக்குக் காசு கொடுத்தனர். தண்டம் 20 இலட்சம் பவுண்டு. 'ஐ.டி.வி.' நிறுவனம், குலுக்கலில் வருபவரை எடுக்காமல், திரைக்கு ஏற்ற கலகலப்பும் படப்பிடிப்பிற்கு வசதியான ஊரும் உடையவரைத் தேடிப் பிடித்தது. 2008 மே மாதம் அதற்கு விதிக்கப்பட்ட தண்டம் 56,75,000 பவுண்டு. பி.பி.சி.யும் 2008 சூலையில் மேலும் 4,00,000 பவுண்டு செலுத்த நேர்ந்தது.

இது புதிய நோயும் அன்று. 1956இல் அமெரிக்காவில் 'டுவென்டி ஒன்' என்னும் வினாவிடைப் போட்டியில், சார்லஸ் வான் டோரன் என்னும் கல்லூரி ஆசிரியர் வாரந்தோறும் வென்று நாடு போற்றும் அறிஞரானார். அவருக்கு விடைகள் முன்னரே தரப்பட்டிருந்தன. 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் அவரே அதனை ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே, இத்தகைய போட்டிகளில் சூது செய்வதைக் குற்றமாக்கி அங்கே சட்டம் திருத்தப்பட்டது.

இவை அனைத்தையும் அடுக்கிப் பார்க்கையில் ஓர் உண்மை புலனாகிறது. பணத்தாசை மிகுந்த இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 'புளூ பீட்டர்' போன்ற இடங்களில் பொய் பிறந்தது ஆசையினால் அன்று, அச்சத்தினால். கருவி பழுதாயிற்று, விடை சொல்வார் எவரும் இல்லை, மணித்துளிகள் ஓடுகின்றன, நாடு பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் உண்மை கேட்டது ஒரே ஒரு வாக்கியம்தான்: இன்று வெற்றியாளர் எவருமில்லை. அதைச் சொன்னால் நிகழ்ச்சி களையிழந்துவிடும் என்று அஞ்சினார்கள். வெறுமையைக் காட்டத் துணிவில்லாதவர்கள், அவ்வெறுமைக்கு ஒரு பெயரைச் சூட்டி மக்கள் முன் நிறுத்தினார்கள்.

சிறு காசுக்கு எது அளவுகோல்?

ஆளுக்கு 10 பென்சு. நம்மூர்க் கணக்கில் சில ரூபாய். இதில் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்போர்க்கு நம் திருச்சபை தெளிவான விடை வைத்திருக்கிறது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஏழாம் கட்டளையை விளக்கும் பகுதியில் (எண் 2413) விளையாட்டுகளையும் பந்தயங்களையும் பற்றிப் பேசுகிறது. அவை தம்மளவில் நீதிக்கு முரணானவை அல்ல என்கிறது. ஒருவர் தமக்கும் தம்மைச் சார்ந்தோர்க்கும் இன்றியமையாதவற்றை இழக்க நேருமாயின் அவை ஏற்கத்தகாதவை என்கிறது. ஆட்டத்தில் ஏமாற்றுவது கனமான காரியம் என்கிறது. இழப்பு மிகச் சிறிதாயிருந்தாலன்றி. இங்கே ஒரு சொல்லைக் கூர்ந்து நோக்க வேண்டும். அந்தச் சிறுமையை அளக்கும் அளவுகோல் ஏமாற்றியவர் கையில் தரப்படவில்லை. இழந்தவர், நியாயமாக எண்ணிப் பார்த்து, இது பொருட்படுத்தத் தக்கதன்று என்று கருதக்கூடிய அளவுக்கு அது சிறிதாயிருக்க வேண்டும்.

ஆரணியில் உள்ள மகளோடு பேச வைத்திருந்த பணம் அண்ணனுக்குச் சிறிதா? கோவில் காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்திருந்த இயேசு, ஏழைக் கைம்பெண் இட்ட இரண்டு காசுகளை எல்லாரினும் மிகுதி என்று கணக்கிட்டார். தொகையை அவர் எண்ணவில்லை. அது எடுக்கப்பட்ட மடியை நோக்கினார். காணிக்கைக்கு அதுவே அளவு என்றால், களவுக்கும் அதுவே அளவு.

இதன் மறுபக்கத்தையும் திருச்சபை நெடுநாள் முன்பே சிந்தித்திருக்கிறது. பல சிறு திருட்டுகளால் எத்துணைப் பெருந்தொகை சேர்ந்திருப்பினும், அதனைத் திருப்பிக் கொடுக்கும் கடமை சாவான பாவத்தின் கீழ் ஒருவரைக் கட்டுப்படுத்தாது என்று அக்காலத்தில் சிலர் வாதிட்டனர். 1679இல் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் கண்டித்து ஒதுக்கிய 65 தளர்ச்சிக் கருத்துகளுள் இதுவும் ஒன்று. தொலைபேசியும் தொலைக்காட்சியும் கனவிலும் இல்லாத காலத்தில், ஆயிரம் மடிகளிலிருந்து ஒவ்வொரு காசாக எடுப்பவரும் கள்வரே என்று திருச்சபை கண்டிருந்தது. எடுத்ததைத் திருப்பித் தராமல் மனமாற்றம் நிறைவுறாது என்பதைச் சக்கேயு நமக்குக் காட்டியிருக்கிறார். அவர் நான்கு மடங்கு தருவதாகச் சொன்னார்.

காசுக் கணக்கு ஏழாம் கட்டளையோடு முடிகிறது. ஆனால் இல்லாத வெற்றியாளர் எட்டாம் கட்டளையையும் மீறி நிற்கிறார். பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லலாகாது என்கிறது அது. யாருக்கு எதிராக? காத்திருந்த ஒவ்வொருவருக்கும் எதிராக. கடவுள் நம்மைப் பெயர் சொல்லி அழைப்பவர் என்பது நம் நம்பிக்கை. ஒரு கற்பனைப் பெயரை உரக்கச் சொல்லும்போது, உண்மையாகவே பிறந்து, உண்மையாகவே காத்திருந்த ஒருவரின் பெயர் சொல்லப்படாமல் போகிறது. அதுமட்டுமன்று, அடுத்தவர் வென்றாரே என்று பொறாமையின்றி மகிழ்ந்த நல்லுள்ளங்களின் மகிழ்ச்சியும் வஞ்சிக்கப்படுகிறது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். அந்த மகிழ்ச்சியை எந்தக் கணக்கில் திருப்பி வரவு வைப்பது?

நம்மூர்த் தாயார் சந்நிதியில் ஒரு வழக்கம் உண்டு. மகப்பேறு வேண்டும் பெண்கள் வறுத்த பயற்றை மடியில் கட்டிக்கொண்டு இரவு உறங்குவர். காலையில் அது முளைத்திருந்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. கட்டுகிறவருக்கு அது வறுத்த பயறு என்று தெரியும். முளைப்பது அருளால் என்று அறிந்தே கட்டுகிறார். அங்கே வஞ்சனை இல்லை. பொய்ப் போட்டி நடத்துபவரோ, வறுத்த பயற்றை விதைப்பயறு என்று சொல்லி விலைக்கு விற்கிறார். முளைக்கவில்லையே என்று கேட்டால், இன்னும் ஒரு பிடி வாங்கு என்கிறார்.

நம் நாட்டுச் சட்டமும் நம் கடமையும்

நம் நாட்டிலும் இத்தகைய போட்டி ஒன்று நீதிமன்றப் படியேறியது. 2007இல் ஸ்டார் பிளஸ் அலைவரிசையில் 'கோன் பனேகா குரோர்பதி' நிகழ்ச்சியோடு இணைத்து, வீட்டிலிருந்தே நேயர்கள் விடையளிக்கும் போட்டி ஒன்று நடந்தது. நான்கு விடைகளுள் சரியானதைக் குறுஞ்செய்தியில் அனுப்ப வேண்டும். ஒரு செய்திக்கு 2 ரூபாய் 40 காசு. சரியாக விடையளித்தோருள் குலுக்கலில் வருபவருக்கு 2 இலட்சம் ரூபாய். ஓர் இலட்சம் பேர் அனுப்பினாலே கட்டணம் 2,40,000 ரூபாய் ஆகிவிடும் என்பதைச் சிறுவரும் கணக்கிடுவர். பரிசு நேயர்களின் காசிலிருந்தே வருவதை மறைத்து, அது இலவசமாகத் தரப்படுவதுபோன்ற எண்ணத்தை ஏற்படுத்தினர் என்று ஒரு நுகர்வோர் அமைப்பு முறையிட்டது. 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் அதனை ஏற்று, ஸ்டார் நிறுவனமும் ஏர்டெல் நிறுவனமும் 1 கோடி ரூபாய் செலுத்த ஆணையிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. முறையற்ற வணிகம் என்று முடிவு செய்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறி, 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கிவிட்டது.

இதனை நாம் முழுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவ்வழக்கின் முறையீடு பரிசுப் பணத்தின் ஊற்றைப் பற்றியது. போலி வெற்றியாளரைப் பற்றியதன்று. பொய்ச்சான்றைக் கண்டிக்க எழுந்த நாம், சினத்தின் வேகத்தில் மெய்ப்பிக்கப்படாத பழியை எவர்மீதும் சுமத்தினால் அதே கட்டளையை மீறியவராவோம்.

சட்டம் நமக்குத் தந்துள்ள உரிமையை அறிந்துகொள்வது நன்று. பொருள் விற்பனைக்காகவோ வணிக நலனுக்காகவோ நடத்தப்படும் போட்டிகளையும் குலுக்கல்களையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பரிசுத் திட்டத்தின் இறுதி முடிவைப் பங்கேற்றோர்க்குத் தெரிவிக்காமல் மறைப்பதும் அப்பட்டியலில் உண்டு; 2019ஆம் ஆண்டின் புதிய சட்டமும் இதனைத் தொடர்கிறது. யார் வென்றார் என்று கேட்பது நம் உரிமை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இந்தப் பொய் இப்போது இன்னொரு வேடம் புனைந்து வருகிறது. முன்பு, இல்லாத ஒருவர் வென்றார் என்று நம்மிடம் சொன்னார்கள். இப்போது, போட்டியில் கலந்துகொள்ளாத நம்மையே வென்றவர் என்கிறார்கள். புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரையும் சின்னத்தையும் திருடி, 25 இலட்சம் ரூபாய் உங்களுக்கு விழுந்திருக்கிறது, வரிப்பணத்தை மட்டும் முன்னதாகக் கட்டுங்கள் என்று வாட்ஸ்அப் வழியே வரும் செய்திகளில் சிக்கிப் பலர் சேமிப்பை இழந்துள்ளனர். அத்தகைய வஞ்சனையில் பணம் இழந்தவர் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. அன்பியக் கூட்டங்களில் செபம் முடிந்ததும் ஐந்து மணித்துளிகள் ஒதுக்கி, கைப்பேசி வைத்திருக்கும் முதியோர்க்கு இவ்விரண்டு எண்களையும் எழுதிக் கொடுப்பது ஓர் இரக்கச் செயலே.

நற்காரியத்திற்காக ஒரு பொய்?

பிறர் வீட்டு முற்றத்தைப் பார்த்தாயிற்று. நம் வீட்டு முற்றத்தையும் பார்ப்போம். இங்கிலாந்தில் வெளிப்பட்ட பொய்களுள் மிகுந்த வேதனை தருபவை, அறப்பணிக்கு நிதி திரட்டிய நிகழ்ச்சிகளில் நடந்தவை. 2005இல் 'சில்ட்ரன் இன் நீட்', 2006இல் 'ஸ்போர்ட் ரிலீஃப்', 2007இல் 'காமிக் ரிலீஃப்' ஆகிய மூன்றிலும் போலி வெற்றியாளர்கள் அறிவிக்கப்பட்டனர். எல்லாம் ஏழைக் குழந்தைகளுக்காகத்தானே என்று செய்தவர்கள் தம் மனத்தை ஆற்றியிருக்கலாம். நன்மை விளையும் என்பதற்காகத் தீமை செய்யலாம் என்ற வாதத்தைப் பவுலடியார் உரோமையருக்கு எழுதிய மடலிலேயே மறுத்துவிட்டார். பொய்யைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதிய புனித அகுஸ்தினார், பிறரின் ஆன்ம நலனைக் காரணம் காட்டிக்கூடப் பொய் சொல்ல இடந்தரவில்லை.

நம் பங்குகளில் திருவிழாக் காலங்களில் கோபுரம் கட்டவும் கூரை வேயவும் நன்கொடைச் சீட்டுகள் விற்கிறோம். கடைசி நாள் இரவு, தேர்ப்பவனி முடிந்த பின் மேடையில் குலுக்கல் நடக்கும். இவ்வாறு சீட்டு விற்கச் சட்டம் இடந்தருகிறதா என்பதைப் பங்குப் பேரவை முதலில் விசாரித்தறிய வேண்டும். அடுத்து, பானைக்குள் எவற்றைப் போடுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். விற்ற சீட்டுகளின் அடிக்கட்டைகள் மட்டுமே அதனுள் இருக்க வேண்டும். விற்காதவையும் உள்ளே கிடந்தால், முதற்பரிசு பங்குக்கே திரும்பி வரவும் கூடும். வாங்கியவரின் வாய்ப்பு அவருக்குத் தெரியாமலே குறைந்துபோகும். எடுத்த எண்ணை எல்லாரும் காணக் காட்ட வேண்டும். உரியவர் வரவில்லை என்றால், வரவில்லை என்றே அறிவிக்க வேண்டும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெருங்கொடையாளரின் மனம் குளிர வேண்டுமென்று எந்தச் சீட்டும் அவர் மடியில் விழக்கூடாது.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியை இங்குக் குறிப்பிடலாம். ஒரு பங்குத் திருவிழாவில் முதற்பரிசுக்கென எடுத்த சீட்டின் அடிக்கட்டையில் பெயரே எழுதப்பட்டிருக்கவில்லை. மேடையில் சலசலப்பு. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. குழந்தைகள் தாய்மாரின் தோளில் உறங்கிவிட்டனர். யாருடைய பெயரையாவது சொல்லி முடித்துவிடுங்கள், சாமி என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். பங்குத்தந்தை ஒலிபெருக்கியை வாங்கி, எண்ணை மும்முறை வாசித்தார். இச்சீட்டை வைத்திருப்பவர் வரும்வரை பரிசு இங்கேயே இருக்கும், இன்று முதற்பரிசு எவருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு இறுதி ஆசீர் அளித்தார். மக்கள் சிலர் முணுமுணுத்தபடியே கலைந்தனர். பத்து நாள்களுக்குப் பின், செங்கற்சூளையில் வேலை செய்யும் ஒரு பெண் கசங்கிய சீட்டோடு வந்தார். தம் பெயரை எழுதத் தெரியாததால் அடிக்கட்டையை வெறுமையாகவே விட்டிருந்தார். அன்று மேடையில் ஒரு பெயர் புனையப்பட்டிருந்தால், அவர் வந்திருக்கவும் மாட்டார். வந்திருந்தாலும் அவரை நம்பியிருக்க யாருமில்லை.

திருவுளச்சீட்டு நம் மரபிற்கு அந்நியமன்று. யூதாசின் இடத்தை நிரப்ப மத்தியாவைத் தெரிந்தெடுத்தபோது திருத்தூதர்கள் முதலில் மன்றாடினர். பிறகே சீட்டுப் போட்டனர். சீட்டு யார்மேல் விழுந்தாலும் அதை ஏற்க அவர்கள் முன்னதாகவே மனம் ஒப்பியிருந்தனர். குலுக்கலின் நேர்மை அதுதான்: முடிவு நம் கையில் இல்லை என்று ஒப்புக்கொள்வது. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு குலுக்குவதுபோல் நடிப்பவர், ஏழையின் காசோடு கடவுளின் பெயரையும் சேர்த்து விளையாடுகிறார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றித் தனி ஏடு வெளியிட்டபோது, அவற்றை வியத்தகு கண்டுபிடிப்புகள் என வரவேற்றது. கேட்பவரும் காண்பவரும் தேர்ந்து தெளியும் கடமை உடையவர் என்றும் நினைவூட்டியது. 1967 முதல் ஆண்டுதோறும் உலகச் சமூகத் தொடர்பு நாளைக் கொண்டாடுகிறோம். அந்நாளில் ஊடகத்தாரைக் குறைகூறும் மறையுரைகள் பல கேட்டிருக்கிறோம். அவர்களுக்காக மன்றாடுவதும் நம் கடமையே. நேரம் ஓடிக்கொண்டிருக்க, கருவி பழுதாகிக் கிடக்க, மேலதிகாரியின் முகம் சிவந்திருக்க, உண்மையைச் சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கி நிற்கும் இளம் பணியாளரின் உள்ளத்தில் அச்சம் வெல்லாதிருக்க வேண்டும் என்று மன்றாடுவோம். அப்படிப்பட்ட இளைஞர்கள் நம் பங்குகளிலிருந்தும் சென்று அத்தொழிலில் இருக்கிறார்கள்.

வாசக அன்பர்களே, அவர்களுக்கு நாம் கற்றுத்தர வேண்டிய வாக்கியம் மிகச் சிறியது. தேர்வில் முதல் இடம் வராத பிள்ளையின் வீட்டிலும், கணக்குக் குறைந்த சங்கத்தின் கூட்டத்திலும், கூட்டம் சேராத விழா மேடையிலும் அது பயன்படும். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்வதே அது. இன்று வெற்றியாளர் எவருமில்லை என்று கூசாமல் சொல்லத் துணிந்த வாய், நாளை ஒரு பெயரைச் சொல்லும்போது, தறிக்குழியில் அமர்ந்திருப்பவர் நாடாவை நிறுத்திவிட்டு நம்பிக்கையோடு செவிசாய்க்கலாம்.